மாலை கழட்டுன அப்புறமும் குடிக்காம இருக்கறது எப்படி

வருஷா வருஷம் ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் ஒரு சொட்டு தொடாம இருந்துட்டு, மலை இறங்கி வந்து மாலைய கழட்டுன கையோட டாஸ்மாக் வாசல்ல நிக்கற ஆளுங்கள நீங்களும் பாத்திருப்பீங்க. மன உறுதி இல்லாத ஆளுன்னு ஈஸியா சொல்லிடுறோம், உறுதி இல்லாதவன் எப்படிங்க 48 நாள் இருந்தான்? அந்த நாள்ல விடியகாலைல பச்சத்தண்ணி குளியல், சாயங்காலம் சரணம், பஜனை, ஊரே சாமி சாமின்னு கூப்பிடுது, எந்த நண்பனும் கிளாஸ நீட்ட மாட்டான். மாலைய கழட்டும்போது இது அத்தனையும் கூடவே கழண்டுடுது. குடிய விட்டவங்க மாலை இல்லாமலே இந்த ஏற்பாட்ட தனக்குத்தானே பண்ணிக்கணும், வைராக்கியத்த மட்டும் நம்பினா ஆகாது.

முதல்ல ஒண்ணு. பல வருஷமா தினமும் குடிச்சவங்க, காலைல எந்திரிச்சதும் கை நடுங்கறவங்க வீட்லயே திடீர்னு நிறுத்தாதீங்க. முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டுல இருந்து நாலாவது நாளுக்குள்ள இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியறது, குழப்பமா பேசறதுன்னு ஆகி உயிருக்கே ஆபத்தாகும். கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவுல இதுக்கு ட்ரீட்மெண்ட் இருக்கு. குடிக்கற ஆசைய குறைக்க நால்ட்ரெக்சோன் மாதிரி மாத்திரையும் டாக்டர் பாத்து குடுப்பாங்க. ஆனா வீட்டுக்காரருக்குத் தெரியாம சாப்பாட்டுல மாத்திரை கலந்து குடுக்கறது வேணவே வேணாம், அது டைசல்பிராமா (குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காம பண்ற மாத்திரை) இருந்து அவர் அதுக்கு மேல குடிச்சார்னா பிபி இறங்கி ஆளே போயிடலாம்.

இனி சாயங்காலத்துக்கு வருவோம், எல்லா கூத்தும் ஆறுல இருந்து ஒன்பதுக்குள்ளதான். வேலை முடிஞ்சு பசியோட, அசதியோட, கடை இருக்கற ரூட்லயே வண்டி ஓட்டிட்டு வந்தா எவ்ளோ பெரிய வைராக்கியமும் அந்த சிக்னல்ல உக்காந்துடும். ரூட்ட மாத்துங்க, ரெண்டு கிலோமீட்டர் சுத்துனாலும் பரவால்ல. அஞ்சரைக்கே வயிறு நிறைய ஏதாவது சாப்பிடுங்க, நாலு இட்லியோ முட்டை பரோட்டாவோ, ஆசைல பாதி பசிதான். புதுசா விட்டவங்களுக்கு ஸ்வீட் மேல ஒரு வெறி வரும், பயப்படாதீங்க, சுகர் இல்லன்னா கடலை மிட்டாய் பையிலயே இருக்கட்டும். அப்புறம் அந்த மூணு மணி நேரத்துக்கு ஒரு வேலைய மாட்டிக்கணும், ஷட்டில், புள்ளைங்கள ட்யூஷன்ல விட்டு கூட்டிட்டு வரது, எதுவோ ஒண்ணு.

ஆசை சுர்ருனு ஏறும்போது அது இறங்கவே இறங்காதுன்னு தோணும். பெரும்பாலும் கால் மணி, அரை மணி நேரத்துல தானா தணிஞ்சுடும், அதுவரைக்கும் யாருக்காவது போன் போட்டு பேசிட்டே நடங்க.

கஷ்டமான எடம் கல்யாணமும் கோயில் திருவிழாவும், அதைவிட சாவு வீடு. துக்கத்துல உக்காந்திருக்கும்போது "மாப்ள ஒரு கட்டிங் மட்டும்"னு கேட்டா மறுக்க வாய் வராது. பதில முன்னாடியே ரெடி பண்ணி வைங்க, "மாத்திரை சாப்பிடறேன், ஒத்துக்காது"னு ஒரே வரி. அதுக்கு மேல விளக்கம் சொன்னா விவாதமாயிடும், அவன் ஜெயிச்சுடுவான். மாலை எடுத்துப் போட்டாச்சா, சாப்பாடு ஆச்சா, கிளம்பிடுங்க.

காச கண்ணுல பாக்கறது நல்ல மோட்டிவேஷன். ஒரு குவாட்டர் 150 ரூபான்னு வச்சாலும் தினம் ஒண்ணுன்னா மாசம் 4500, சைடிஷ் தனி. சம்பளம் வந்த அன்னைக்கே அத போஸ்ட் ஆபீஸ் ஆர்டில போட்டுடுங்க, கைல காசோட சம்பள நாள் சாயங்காலம் வெளிய நிக்காதீங்க. வீட்ல இருந்து உடனே பாராட்டு எதிர்பாக்காதீங்க. மனைவி இன்னும் கொஞ்ச மாசம் பக்கத்துல வந்து வாய மோந்துதான் பாப்பாங்க, அவங்க பட்டது அப்படி.

ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்), அதாவது குடிய விட நினைக்கறவங்க ஒண்ணா உக்காந்து பேசற மீட்டிங், ஒரு தடவ போய் பாருங்க, ஃபீஸ் கிடையாது, முழுப்பேர் சொல்ல வேணாம். 1935ல அமெரிக்காவுல ரெண்டு குடிகாரங்க ஒருத்தர ஒருத்தர் தாங்கிப் பிடிச்சதுல ஆரம்பிச்சது, இன்னைக்கு தமிழ்லயே நடக்குது. ஆயுசு பூரா குடிக்க மாட்டேன்னு அங்க யாரும் சத்தியம் கேக்கறதில்ல, இன்னைக்கு ஒரு நாள், அவ்ளோதான்.

தீபாவளிக்கு சறுக்கிட்டீங்கன்னா "போச்சு, இனி பொங்கல் முடிஞ்சு பாத்துக்கலாம்"னு இழுக்காதீங்க. மறுநாள் காலைலயே டாக்டர்கிட்டயோ மீட்டிங் ஆள்கிட்டயோ சொல்லிடுங்க, யாருமே இல்லன்னா 14446க்கு அடிங்க, அது போதை மறுவாழ்வுக்கான இலவச நம்பர். தூக்கமில்லாம மனசு ரொம்ப கனமா இருந்தா 14416, அது மனநல உதவி நம்பர், நடு ராத்திரிலயும் எடுப்பாங்க.