மழுங்கின கத்தியும் வழுக்கும் தக்காளியும்: அடுப்படிக் கத்தி வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தாத்தா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். மலைக்குப் போகும்போது கவ்வாத்துக் கத்தியோடு ஒரு துண்டுத் தீட்டுக்கல்லும் பைக்குள் போகும். கொஞ்சம் செடி வெட்டியதும் குந்தி உட்கார்ந்து, கல்லில் தண்ணீர் தொட்டு நாலு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் மறுபடி எழும்புவார். வெட்டு பிசிறாக விழுந்தால் தேயிலை வாது பிளந்து, அதில் தண்ணீர் இறங்கி அழுகிவிடும். மேலே நிற்பவரிடம் ஏச்சும் வாங்க வேண்டும். அதே வீட்டில் அம்மா வெங்காயம் வெட்டிய கத்தியோ தக்காளித் தோலில் வழுக்கிக்கொண்டு போகும். கவ்வாத்துக் கத்திக்குக் கொடுத்த மரியாதையில் கால்வாசியை அடுப்படிக் கத்திக்குக் கொடுத்திருந்தால் நான் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

மழுங்கின கத்திதான் கையை அதிகம் வெட்டும். கூர் இல்லாததால் அழுத்துகிறோம், அழுத்தினால் வழுக்குகிறது, வழுக்கினால் விரல். சரி, நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று டவுனுக்கு இறங்கினால் தவறுகள் அங்கேயே ஆரம்பமாகிவிடும். நடுத்தர விலை என்று நான் சொல்வது ஒரு நல்ல பிரஷர் குக்கருக்குக் கொடுக்கும் காசுக்குள் அடங்கும் விலையை. நடைபாதையில் குவித்துப் போட்டு விற்கும் கத்தியும் வேண்டாம், கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் துணியில் படுத்திருக்கும் கத்தியும் வேண்டாம்.

முதல் தவறு, செட் வாங்குவது. நானும் வாங்கியிருக்கிறேன். கொழும்பில் ஒரு கடையில், மரக்கட்டையில் சொருகிய பன்னிரண்டு உருப்படி. வீட்டில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஆறு மாதத்தில் கையில் புழங்கியது இரண்டே இரண்டு. மற்றவை மரக்கட்டைக்குள்ளேயே இருந்து, மழைக் காலத்தில் அந்தத் துளைகளுக்குள் பூஞ்சணம் பூத்ததுதான் மிச்சம். பன்னிரண்டுக்குப் பிரித்த காசு என்பதால் ஒவ்வொன்றிலும் இரும்பு மட்டமாகத்தான் இருக்கும். அதே காசுக்கு உருப்படியாக இரண்டு கத்தி கிடைக்கும்: பலகையில் வைத்து வெட்ட ஒரு பெரியது, கையில் வைத்துத் தோல் சீவ எட்டுப் பத்து சென்ரிமீற்றர் நீள அலகு, அதாவது வெட்டும் தகடு, உள்ள ஒரு சின்னது. ரோஸ்ட் பாண் முழுசாக வாங்குகிற வீடென்றால் பல் வைத்த பாண் கத்தி ஒன்று. அதற்கு மேல் வாங்குவது அழகுக்கு.

அடுத்தது, அலகில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்குவது. ‘சர்ஜிகல் ஸ்டீல்’ என்று போட்டிருப்பார்கள். அது எந்த ஒரு குறிப்பிட்ட இரும்பின் பெயரும் கிடையாது, யார் வேண்டுமானாலும் போடலாம். தண்ணீர் அலை மாதிரிக் கோடு ஓடும் டமாஸ்கஸ் கத்தியைப் பார்த்தால் எனக்கும் கை நீளும். ஆனால் மலிவானவற்றில் அந்தக் கோடு பெரும்பாலும் மேலே பொறித்த படம்தான். உண்மையாகவே அடுக்கடுக்காக அடித்த கத்தியிலும் வெட்டுவது நடுவில் இருக்கும் ஒரு தகடுதான், கோடுகள் வெட்டுவதில்லை. ‘18/10’ என்று போட்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அது கரண்டி, சட்டி செய்யும் இரும்பு. அதில் குரோமியமும் நிக்கலும் நிறைய உண்டு, ஆனால் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்க முடியாது. கூர் நிற்கவே நிற்காது.

தேட வேண்டியது வேறு. இரும்புக்கான ஜேர்மன் தர எண் 1.4116 என்று பெட்டியிலோ அலகிலோ இருந்தால் நல்ல அடையாளம். அதில் கரி (கார்பன்) ஏறக்குறைய அரை வீதம், குரோமியம் 15 வீதம் வரை. கரிதான் கடினத்தைத் தருகிறது, குரோமியம் துருவைத் தள்ளிவைக்கிறது. இரும்பின் கடினத்தைச் சொல்லும் ரொக்வெல் என்ற அளவில் இப்படியான கத்திகள் 55 முதல் 57 வரை நிற்கும். 1884இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய விக்டோரினொக்ஸ் நிறுவனத்தின் கறுப்புப் பிளாஸ்டிக் பிடி போட்ட கத்திகளும் ஏறக்குறைய இந்த வகைதான். பார்க்க ஒன்றுமில்லாத கத்தி. சமையல்காரர்கள் வைத்திருப்பதும் பல இடங்களில் அதுதான். இந்த எண், அளவு எதுவும் எழுதாத கத்தியாக இருந்தால் கடைக்காரரிடம் கேளுங்கள். “நல்ல சாமான்தான், கொண்டு போங்க” என்பது மட்டும் பதிலாக வந்தால் அது பதிலில்லை.

கடினம் கூடினால் தரம் கூடும் என்று நினைப்பது இன்னொரு தவறு. ஜப்பானியக் கத்திகள் பல 60க்கு மேல் கடினம் உள்ளவை. மெல்லிய வாய் (வெட்டும் விளிம்பு), தக்காளியில் வைத்தால் தானாக இறங்கும். ஆனால் கடினமான இரும்பு வளையாது, உதிரும். வட்டக்காயை (பூசணிக்காயை) பிளக்கும்போது கத்தியைத் திருகுகிறோம், கோழி வெட்டும்போது எலும்பில் படுகிறது, மரவள்ளிக்கிழங்கின் நடு நாரில் மாட்டுகிறது. இப்படிப்பட்ட அடுப்படியில் அந்த வாயில் அரிசிப் பல் மாதிரி ஓட்டை விழும், அதைத் தீட்டி எடுக்க ஒரு பொழுது போகும். கொஞ்சம் மென்மையான இரும்பு என்றால் வாய் மடங்கும், அவ்வளவுதான். கல்லில் ஐந்து நிமிடத்தில் திரும்பி வரும். என் கணக்கில் கத்தி எவ்வளவு நாள் கூராக நிற்கும் என்பதைவிட, மழுங்கினால் வீட்டிலேயே தீட்ட முடியுமா என்பதுதான் பெரிய கேள்வி.

அப்புறம், யூடியூப்பில் வெட்டுவதைப் பார்த்துக் கத்தியின் அளவைத் தீர்மானிப்பது. அங்கே மேசை இடுப்பளவு உயரம், பலகை ஒரு கதவளவு. அதற்கு 20 சென்ரிமீற்றர் கத்தி சரி. நம் வீடுகளில் பலர் இன்னமும் கட்டையில் உட்கார்ந்து, தரையில் சின்னப் பலகையை வைத்து வெட்டுகிறார்கள். போஞ்சியைக் கையில் பிடித்துப் பெருவிரலை நோக்கி அரிகிறார்கள். அவர்களுக்கு அந்த நீளம் தொல்லை. 15 சென்ரிமீற்றர் போதும், எடையும் குறைவாக இருக்க வேண்டும். ஆக, முதலில் நீங்கள் எப்படி வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். பலகையில் வெட்டுகிறவர் என்றால் அலகின் அகலம் பிடிக்குப் பக்கத்தில் நாலரை சென்ரிமீற்றராவது இருக்கட்டும். இல்லாவிட்டால் கோவா வெட்டும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் விரல் முட்டி பலகையில் இடிக்கும். கடையில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, கையில் பிடித்து, வெறும் மேசையில் வெட்டுவது மாதிரி பத்துத் தடவை செய்து பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பிடியைப் பொறுத்தவரை இந்த மலைநாட்டு ஈரத்துக்கு மரத்தைவிட பிளாஸ்டிக் பரவாயில்லை. மரம் ஊதிக் காய்ந்து, அலகின் வால் பிடிக்குள் போகும் இடத்தில் இடைவெளி விட்டு, அதில் அழுக்கு குடியேறும்.

தேங்காய் விஷயத்துக்கு வருவோம். புதுக் கத்தி வந்த வாரமே அதன் முதுகால் தேங்காய் உடைக்கிற வீடுகள் உண்டு. மெல்லிய அலகு அதற்குச் செய்யப்பட்டதில்லை. பிடியில் ஆட்டம் விழும், சில வேளை அலகே கோணிவிடும். தேங்காய்க்கும், ஆட்டெலும்புக்கும், பலாக்காய் பிளக்கவும் பட்டறையில் அடித்த மன்னாக்கத்தி (கனமான வெட்டுக்கத்தி) ஒன்று தனியாக இருக்கட்டும். லொறி ஸ்பிரிங் தகட்டில் அடித்ததென்றால் இன்னும் நல்லது, தலைமுறை தாண்டும். அதில் குரோமியம் அவ்வளவாக இல்லாததால் துரு பிடிக்கும், வாழைக்காய் வெட்டினால் கறுக்கும். பார்வைக்குத்தான் குறை, வேலைக்குக் குறைவில்லை. பலாக்காய் வெட்டும் முன் எந்தக் கத்தியானாலும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். பால் ஒட்டிய அலகைச் சுரண்டியே பாதி கூர் போய்விடும்.

பலகையைப் பற்றி ஒரே வரி: கண்ணாடி, கல், எவர்சில்வர் தட்டு மூன்றும் கத்தியின் எதிரிகள், மரம் அல்லது பிளாஸ்டிக் போதும்.

‘ஸ்டெயின்லெஸ் தானே, துரு பிடிக்காது’ என்பது நுவரெலியாவிலும் ஹட்டனிலும் செல்லாது. குரோமியம் அலகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக நின்று காக்கிறது. உப்பு அந்தப் படலத்தைத் துளைக்கும். கருவாடு வெட்டிய கத்தியை இரவு கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டு, விடிந்து பாருங்கள், ஊசி குத்தின மாதிரி பழுப்புப் புள்ளிகள். தேசிக்காய் வெட்டிவிட்டு அப்படியே வைப்பதும் இதே கதைதான். அதிலும் மே, ஜூன் மாதங்களில் மழை இறங்கி, பனிமூட்டம் யன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் கழுவிக் கவிழ்த்த கத்தி தானாகக் காயாது. வெட்டியவுடன் கழுவி, துணியால் துடைத்துவிட வேண்டும். தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். கரண்டிகளோடு லாச்சிக்குள் எறிவதும் வேண்டாம். ஒவ்வொரு தடவை லாச்சி இழுக்கும்போதும் வாய் எதிலாவது அடிபடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கத்தியை வாங்கிவிட்டுக் கல்லை வாங்காமல் வருவது. கத்திக்கு ஒதுக்கிய காசில் கொஞ்சத்தைக் குறைத்து அதே நாளில் கல்லும் வாங்குங்கள். 1000 என்று எண் (கல்லின் நுண்மையைச் சொல்லும் எண்) போட்ட கல் ஒன்று வீட்டுக்குப் போதும். கோப்பையின் அடியில் தேய்ப்பது அவசரத்துக்குச் சரி, பழக்கமாக்கினால் வாய் மேடு பள்ளமாகும். மின்சாரச் சாணையில் தண்ணீர் படாமல் பிடிக்கக் கொடுப்பது அதைவிட மோசம். பொறி பறக்கப் பிடித்து, விளிம்பு நீலம் பூத்து வந்தால் அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது, இனி அங்கே கூர் தங்காது.

தீட்டுவது பெரிய வித்தையில்லை. கல்லை நனைத்து, ஈரத்துணி மேல் வைத்தால் நகராது. பெரிய கத்தியைக் கல்லில் படுக்கப் போட்டு, முதுகுப் பக்கத்தை மட்டும் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு உயர்த்துங்கள். அந்தச் சாய்வு மாறாமல் பிடிப் பக்கத்துக் குதியிலிருந்து நுனிவரை இழுக்க வேண்டும். சிலர் பத்து இழுப்பு என்று எண்ணுவார்கள். எண்ண வேண்டாம். மறுபக்கத்து விளிம்பில் பெருவிரலைக் குறுக்காக, மெதுவாக வைத்துப் பார்த்தால் நூல் மாதிரி ஒரு பிசிர் தட்டுப்படும். அது முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். பிசிர் வருவதற்கு முன்னால் திருப்பிவிடுவதால்தான் ‘எவ்வளவு தீட்டியும் கூர் வரவில்லை’ என்கிறார்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு அழுத்தமே இல்லாமல் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று நாலைந்து தடவை இழுத்தால் பிசிர் உதிரும்.

இப்போது பழுத்த தக்காளி ஒன்றைப் பலகையில் வையுங்கள். அழுத்தாமல், கத்தியின் எடையை மட்டும் விட்டு இழுங்கள். தோல் சுருங்காமல் இறங்கினால் கல்லைக் கழுவி வைத்துவிட்டுச் சமையலைப் பார்க்கலாம்.