மாட்டுக்கு மாதம் தெரியாது: விலங்கின் கண்ணால் கதை சொல்லும்போது நேரும் தவறுகள்

இலங்கையின் வடக்கே வன்னியில் எழுதத் தொடங்குகிற பலரிடம் ஒரு விலங்குக் கதை இருக்கிறது. போரில் இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டுப் போன நாய், கயிற்றை அவிழ்த்துவிட்ட பசு. இந்தக் கதைகளைச் சொல்லியே ஆகவேண்டும் என்று நினைக்கிறவன் நான். அதனால்தான் அவை கோணிப்போகும்போது மனம் பொறுப்பதில்லை.

பெரிய தவறு, விலங்கு அறிய வழியில்லாததை அதன் வாயில் வைப்பது. "அது 2008ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். சனம் எல்லாம் விசுவமடுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது" என்று ஒரு பசு கதையைத் தொடங்கினால் அடுத்த வரிக்குள் பசு காணாமல் போய்விடும். மிஞ்சுவது பசுத்தோல் போர்த்திய மனிதர்தான்.

மாட்டுக்கு என்ன தெரியும்? கழுத்தில் கயிறு இல்லை. விடியவே வருகிற கை வரவில்லை. கறக்காத மடி முதல் நாள் கனக்கிறது, மறுநாள் நோகிறது, அப்புறம் எதுவும் பட்டாலே உதைக்கத் தோன்றுகிறது. பட்டிக்குள் சாணி மணம் இருக்கிறது, ஆள் மணம் இல்லை. படலை திறந்தே கிடக்கிறது, ஆனாலும் பொழுதுபட்டால் கால்கள் அதே படலைக்குத்தான் திரும்புகின்றன. இவ்வளவையும் எழுதிவிட்டால் போர் என்ற சொல்லே தேவைப்படாது. மிச்சத்தை வாசிக்கிறவர் அறிவார், அவரும் ஒரு படலையைத் திறந்துவிட்டுப் போனவராக இருக்கலாம்.

இங்கே ஒரு சின்ன விஷயம். கன்று கூட இருந்தால் பாலை அது குடித்துவிடும், மடி அப்படிக் கட்டாது. ஆகவே கன்று எங்கே என்பதை முதல் வரிக்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். தாய்ப்பசுவும் கன்றும் ஒன்றின் குரலை மற்றது அடையாளம் காணும். "கண்ணீர் வடித்தது" என்று எழுதுகிற இடத்தில், அது கத்திவிட்டுப் பதிலுக்குக் காது கொடுத்து நிற்பதை எழுதிப் பாருங்கள்.

அடுத்தது, எல்லா உயிருக்கும் நம்முடைய கண்ணையே கொடுத்துவிடுவது. மாட்டுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிவரப் பார்க்கும், சிவப்பை நம்மைப்போல் பிரித்தறியாது. செக்கச் சிவந்த வானத்தை அது வியந்து நிற்கக்கூடாது. நாய்க்கோ மூக்குத்தான் உலகம். நேற்றுப் போனவர் நாய்க்கு இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. படியில் கொஞ்சம் இருக்கிறார், கொடியில் மறந்துவிட்ட சாரத்தில் நிறைய இருக்கிறார். மழை வந்தால்தான் அவர் உண்மையில் போகிறார். நாய்க் கதைக்கு இதைவிட வேறு சோகம் வேண்டுமா?

சிலர் எதிர்ப்பக்கம் அளவுமீறிப் போய்விடுகிறார்கள். உழவு இயந்திரத்தைப் பெயர் சொல்லாமல் "உறுமுகிற, எண்ணெய் நாறுகிற பெரிய பூச்சி" என்பார்கள். ஒருமுறை என்றால் அழகு. கிணறு, சைக்கிள், விளக்கு எல்லாமே விடுகதையானால் வாசிக்கிறவர் களைத்துவிடுவார். நாளாந்தம் காண்கிற பொருளைப் பெயரோடு சொல்லிவிட்டு, புதிதாக வந்து பயமுறுத்துவதை மட்டும் பெயரில்லாமல் விடுங்கள்.

சரி, உயிரியல் பிழைகள். இலங்கைக் காட்டில் சிங்கமும் இல்லை, வேங்கையும் இல்லை. சிறுத்தையும் கரடியும் நரியும் உண்டு. பாலைப்பழக் காலத்துக் கரடி ஒன்றே ஒரு கதைக்குப் போதும். மாமரத்தில் இலைகளை இழுத்துத் தைக்கிற முசுறுகள் எல்லாம் பெண்கள், "எறும்பு வீரன்" என்று ஆண்பாலில் எழுதக்கூடாது. கடிக்கிற நுளம்பும் பெண்தான். தேனீக்களில் ஆணுக்குக் கொடுக்கே இல்லை.

யானையில் பிழை அதிகம். அப்பா யானை, அம்மா யானை, குட்டி என்று ஒரு குடும்பத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். கூட்டம் என்பது தாய்மாரும் பெண்பிள்ளைகளும் குட்டிகளும்தான், மூத்த பெண் யானை முன்னே நடக்கும். ஆண் பருவத்துக்கு வந்ததும் விலகிப்போகும். இலங்கையின் ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவையே தந்தமுள்ள கொம்பன்கள், மற்றவை தந்தமில்லாத அலியன்கள். உங்கள் கதையில் கொம்பன் வந்தால், அது அபூர்வமானது என்று ஊரே பேசவேண்டும்.

யானையின் பக்கம் நின்று எழுதுகிறோம் என்பதற்காகக் கமக்காரனைக் கொடியவன் ஆக்குவதும் தவறு. காலபோக நெல் ஓர் இரவில் மிதிபட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் கடன். யானைக்கு வரம்பும் தெரியாது, காணி உறுதியும் தெரியாது. பால் பிடித்த கதிரின் மணம் காட்டின் ஓரம்வரை வருகிறது, அவ்வளவுதான். இருவருக்கும் நியாயம் செய்ய யானையின் தும்பிக்கையே போதும். யானையை விரட்டப் போடுகிற வெடியின் புகைக்குப் பின்னால், காவல் பரணில் தனியாக இருக்கிறவரின் வியர்வை மணமும் அதற்கு எட்டட்டும்.