சீபாப் பட்டையும் அம்மாவின் பின்னலும்: நாங்கள் செய்த தவறுகள்

அம்மாவுக்குப் பின்னல் போடும்போதுதான் அதைக் கவனித்தேன். பிடரிக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு முடி குட்டையாக, முள்ளுமுள்ளாக நின்றது. எவ்வளவு வாரினாலும் பின்னலுக்குள் அடங்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், எங்கள் சாட்ஸ்வொர்த்தில் ஜனவரி மாதப் புழுக்கம் தெரியாததா? வேர்வையாக இருக்கும், வயசாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். சீபாப் மாஸ்க்கின் பின்பட்டை சரியாக அந்த இடத்தில்தான் உட்காருகிறது என்பது புரிய இரண்டு மாதம் ஆனது.

தூக்கத்தில் தொண்டை அடைத்து, 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்குத்தான் இந்த சீபாப் மெஷினைக் கொடுக்கிறார்கள். காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கும். மாஸ்க்கைப் பிடித்து நிறுத்துவது தலையைச் சுற்றிப் போகும் பட்டைகள். இரவெல்லாம் ஒரே இடத்தில் உரசினால் முடி என்ன ஆகும்?

எங்கள் வீட்டில் எல்லாம் எண்ணெயில் ஆரம்பித்தது. படுக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னுவது ஆயா காலத்துப் பழக்கம். எண்ணெயில் குற்றமே இல்லை. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி, அதன் புரதம் கழன்று போவதைக் குறைக்கிறது. நேரம்தான் தவறு. எண்ணெய்த் தலையில் பட்டை வழுக்கும். வழுக்கினால் மாஸ்க் நகர்ந்து, கசிகிற காற்று கண்ணில் அடிக்கும். உடனே பட்டையை இழுத்து இறுக்குவோம். இறுக்க இறுக்க முடி ஒடியும். ஒடிகிறதே என்று மறுநாள் இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைப்போம். இந்தச் சுற்றில் நாங்கள் எத்தனை மாதம் ஓடினோமோ! போதாததற்கு, மாஸ்க்கில் முகத்தோடு ஒட்டும் சிலிகான் குஷனும் எண்ணெய் பட்டு சீக்கிரம் கெட்டு, இன்னும் கசியும். இப்போது சனிக்கிழமை காலையில் எண்ணெய், மதியத்துக்குள் தலைக்குளியல், ராத்திரி காய்ந்த தலை. அவ்வளவுதான்.

பட்டையை இறுக்குவது கசிவுக்கு மருந்தே இல்லை. குஷன் காற்றில் உப்பித்தான் முகத்தோடு ஒட்ட வேண்டும். அழுத்திப் பிடித்தால் அது நசுங்கி, இன்னொரு பக்கம் கசியும். பலர் கட்டிலில் உட்கார்ந்தபடியே பட்டையைச் சரிசெய்கிறார்கள். படுத்தால் முகத்தின் தசை இறங்கிவிடும். அதனால் மெஷினை ஓடவிட்டு, படுத்தபடி, கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். பட்டைக்கு அடியில் விரல் நுழைய வேண்டும். காலையில் கன்னத்தில் ஆழமான தடம் இருந்தால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். நெற்றியோரம், காதுக்கு மேல் முடி மெலிகிறதா என்றும் பாருங்கள். ஆரம்பத்திலேயே தளர்த்தினால் திரும்ப வளரும். வருடக்கணக்கில் இழுபட்டால் வேரே செத்துப்போகும்.

ஒடிகிறதா, உதிர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பட்டையில் ஒட்டியிருக்கும் முடியை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு உதிர்ந்தது. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் ஒடிந்தது. அது பட்டையின் வேலையாக இருக்கலாம். குமிழோடு கொத்துக் கொத்தாக வந்தால் பட்டையோடு மட்டும் மல்லுக்கட்டாதீர்கள்; டாக்டரிடம் போங்கள்.

அம்மாவின் பட்டையில் கிடைத்தவை எல்லாம் துண்டுகள். அதிலும் பாதி, பட்டை முனையை ஒட்டும் வெல்க்ரோவின் குட்டிக் கொக்கிகளில் சிக்கியிருந்தன. ஒட்டும் முனை கொஞ்சம் விலகி நின்றாலும் முடியைக் கவ்விக்கொள்ளும். காலையில் பாதித் தூக்கத்தில் மாஸ்க்கைக் கழற்றும்போது அவ்வளவும் அறுந்து வரும். இதைக் கவனிக்காமல் இருந்ததற்கு எனக்கு இன்னும் வருத்தம். முனையை ஓரம் தெரியாமல் ஒட்டுங்கள். தினமும் வெல்க்ரோவைப் பிரிக்க வேண்டியதே இல்லை. பட்டையை மாஸ்க்கோடு மாட்டும் கீழ்க்கொக்கியை மட்டும் கழற்றினால் போதும்.

ஈரத்தலையோடு மாஸ்க் போடவே கூடாது. நனைந்த முடி ஊறி, இழுத்தால் ரப்பர் போல நீண்டு, சுலபமாக அறும். கொண்டையும் வேண்டாம்; பட்டையைத் தூக்கிவிடும், தலையணை பட்டதும் மாஸ்க் நகரும். மாஸ்க்கைப் போட்டபின் முடியைப் பட்டைக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டு, பிடரிக்குக் கீழே தளர்வாகப் பின்னுங்கள்.

உரசலைக் குறைக்கும் சாட்டின் துணி விஷயத்தை எனக்குச் சொன்னவர் கூட வேலை செய்யும் ஜூலு இனப் பெண். இங்கே அவர்களில் பலர் சாட்டின் தொப்பி போட்டுத்தான் தூங்குகிறார்கள். தொப்பியின் விளிம்பு குஷனுக்கு அடியில் மட்டும் போய்விடக் கூடாது, கசியும். ஆனால் அம்மாவுக்குத் தொப்பி வழுக்கியது. பழைய சாட்டின் ரவிக்கைத் துணியைக் கிழித்துப் பின்பட்டைக்கு உறை தைத்தேன். என்னைக் கேட்டால் அதுவே மேல். வாரம் ஒருமுறை பட்டையையும் உறையையும் மிதமான சோப்பில் கையால் அலசி நிழலில் காயவைக்கிறேன். டர்பன் ஊர் வேர்வைக்கு அது அவசியம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு ஒன்றை அம்மா செய்தார். முடிக்குப் பயந்து நான்கு ராத்திரி மெஷினே போடவில்லை. குறட்டை, காலையில் தலைவலி, மதியம் சோற்றுத்தட்டின் முன்னால் தூக்கம், எல்லாம் திரும்பி வந்தன. மூச்சு நிற்பதைக் கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தமும் ஏறும், இதயத்துக்கும் கெடுதல். ஐந்தாம் நாள் நானே பக்கத்தில் உட்கார்ந்து மாஸ்க்கை மாட்டிவிட்டேன்.

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். அம்மாவின் பிடரியில் குட்டை முடி இப்போது என் சுண்டுவிரல் நீளம். பின்னலுக்குள் இன்னும் அடங்கவில்லை. ஆனால் குத்தாமல் படிந்து நிற்கிறது.