புகையிட்ட ராகுக் கலத்தை மீண்டும் சுடுவோர் செய்யும் தவறுகள்

பாலக்காட்டுக் கணவாயின் காற்று தடையின்றி வீசும் சித்தூர்ப் பக்கத்தில் என்னிடம் ராகு (raku, சூளையிலிருந்து கலத்தைச் செந்தணலாக எடுத்து மரத்தூளில் புகையிடும் மண்பாண்ட முறை) சுடப் பழக வருபவர்கள், நான் ஒரு காலத்தில் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஈரக் கலத்தைச் சூளையில் ஏற்றக் கூடாது என்பது போன்றவற்றை எவரும் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கரி கிளேஸில் ஊறும் என்று நம்புவது

கிளேஸ் என்பது கலத்தின் மேல் பூசிச் சுடும் பூச்சு; உருகி மூடியபின் அது கண்ணாடிதான். அதற்குள் கரி புகாது. பூச்சில்லாத மண்ணிலும், கிளேஸ் ஆறும்போது விழும் விரிசல்களிலும்தான் அது தங்குகிறது. ஆகவே, வெள்ளைக் கிளேஸில் கருங்கோடுகள் வேண்டுமென்றால், கலத்தை எடுத்தவுடன் மரத்தூளில் புதைக்காமல், விரிசல் தெறிக்கும் ஓசை கேட்கும்வரை சில நொடிகள் காற்றில் விட வேண்டும்.

மறுசூட்டில் அவசரம்

'ஏற்கெனவே சுட்டதுதானே' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரும் மாணவர் ஒருவர், புகையேறிக் கறுத்த கிண்ணங்களின் மேல் புதிதாகக் கிளேஸ் பூசி, முதல் சூட்டின் வேகத்திலேயே சூளையை ஏற்றினார். திறந்தபோது கிளேஸ் முழுவதும் கொப்புளமாக இருந்தது. கலவை கெட்டுவிட்டது என்று அவர் சொன்னார். இதே முடிவுக்கு வந்துதான் நானும் முன்பு ஒரு வாளிக் கிளேஸைக் கீழே கொட்டினேன். குற்றம் கலவையில் இல்லை. மண்சுவருக்குள் இருக்கும் கரி எரிந்து வெளியேற வெப்பத்தோடு காற்றும் வேண்டும். அதற்குள் போராக்ஸ் (வெண்காரம்) சேர்ந்த கிளேஸ் இளகி மூடிக்கொண்டால், பிறகு உண்டாகும் வாயு அதைக் கிளப்பிக்கொண்டுதான் வெளியே வரும். நான் இப்போது 650 முதல் 700 டிகிரி செல்சியஸுக்குள், காற்றுத் துளைகளைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் நிறுத்துகிறேன். தடித்த கலமென்றால் இன்னும் நீட்டிக்கிறேன். சந்தேகம் இருந்தால், அதே சூட்டில் வைத்த ஓர் ஓட்டுத் துண்டை ஆறியபின் உடைத்துப் பாருங்கள். நடுவில் கறுப்புப் பட்டை தெரிந்தால் கரி இன்னும் போகவில்லை.

பழைய கோடுகள் அப்படியே இருக்கும் என எண்ணுவது

இருக்காது. கரி எரிந்துவிடும், விரிசலும் உருகி அடைந்துவிடும்.

செம்பின் மினுமினுப்பு

மறுசூட்டில் காற்றுப் பட்டால் கிளேஸில் உள்ள செம்பு பச்சைக்குத் திரும்பும். மீண்டும் புகையிட்டால்தான் சிவப்பு வரும். அப்போதும் புகையிடும் பாத்திரத்தின் மூடியைக் காற்று கிளப்பாதபடி விளிம்பைச் சுற்றி ஈரமணல் குவிக்க வேண்டும்.