பல்செட் குத்தினால் கிராம்பு வைக்காதீர்கள்

புதுப் பல்செட் மாட்டிய மூன்றாம் நாள் கீழ் ஈறு குத்த ஆரம்பிக்கும். அஞ்சறைப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில், அதில் கிராம்பு. பல் டாக்டர் இருப்பதோ டவுனில். கூட்டிப் போக வேண்டிய மகனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு, அன்றைக்கு டாக்டருக்கும் ஓய்வு. பாட்டி கிராம்பை நசுக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். பல்செட்டைச் சுற்றிய தவறுகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

அந்தக் குத்தலை நோய் என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. ஈறு அமுங்கும், செட் செய்கிற அக்ரிலிக் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் அமுங்காது. அளவு எடுக்கும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும், சாப்பிடும்போது விழும் அழுத்தம் எங்கோ ஒரு புள்ளியில் கூடுதலாக விழத்தான் செய்யும். அதைக் கண்டுபிடிக்க டாக்டர் செய்வது எளிய வேலை. செட்டின் உட்புறம் வெள்ளைப் பசை ஒன்றை மெல்லிசாகத் தடவி, வாயில் வைத்துக் கடிக்கச் சொல்வார். எடுத்துப் பார்த்தால் அழுத்துகிற இடத்தில் மட்டும் பசை விலகி, அடியிலுள்ள இளஞ்சிவப்பு அக்ரிலிக் தெரியும். அந்த இடத்தை மட்டும் சின்ன மெஷினால் மயிரிழை அளவு தேய்ப்பார். மறுபடி பசை, மறுபடி கடி. பத்து நிமிஷத்தில் முடிகிற காரியம். புது செட்டுக்கு இப்படி இரண்டு மூன்று முறை போய்வருவது சாதாரணம். அதை “டாக்டருக்குச் செட் பண்ணத் தெரியவில்லை” என்று கணக்கு வைப்பது நியாயமில்லை.

கிராம்பு என்ன செய்கிறது? அதிலுள்ள யூஜினால் வலியை மரத்துப்போக வைக்கிறது. நிஜமாகவே வைக்கிறது, பல் மருத்துவத்திலேயே அதைப் பயன்படுத்துகிறார்கள். சங்கடமே அதுதான். வலி மரத்த பிறகும் செட்டின் விளிம்பு அதே இடத்தை அறுத்துக்கொண்டே இருக்கும். கலப்பில்லாத கிராம்பு எண்ணெயைப் புண்ணில் நேராக வைத்தால் அது சதையையும் பொசுக்கும், புண் பெரிதாகும். ஒரு வாரம் பார்த்துவிட்டு “எனக்கு ஒத்துக்கல” என்று செட் டப்பாவுக்குள் போய்விடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. வாய்ப்புண் எதுவானாலும், உறுத்துகிற விளிம்பைச் சரிசெய்த பின்னும் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் அதைக் காட்டியே ஆக வேண்டும், தேவைப்பட்டால் சதைத் துணுக்கு எடுத்துப் புற்றுநோயா என்று சோதிக்க வேண்டும். வெற்றிலை புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் விஷயத்தில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. மரத்துப்போக வைக்கும் மருந்து இந்தக் காலக்கெடுவைத்தான் தின்றுவிடுகிறது.

டாக்டரிடம் கிளம்பும்போது நடக்கிற தவறு வேறு மாதிரி. வலிக்கிறதே என்று நாலு நாளாகச் செட்டைக் கழற்றி வைத்திருந்துவிட்டு, கைப்பையில் போட்டுக்கொண்டு போவார்கள். அதற்குள் ஈறு ஆறிப் பழைய நிறத்துக்கு வந்திருக்கும், எங்கே குத்தியது என்று தடமே இருக்காது. போகிற நாளில் ஓரிரண்டு மணி நேரமாவது செட்டை மாட்டியிருந்தால் சிவந்த இடம் தானே வழிகாட்டும்.

வீட்டிலேயே உப்புத்தாள் கொண்டு தேய்த்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஒருமுறை கூடுதலாகத் தேய்த்துவிட்டால் செட்டின் பிடிமானம் போய்விடும், பிறகு அதை மீட்பது சிரமம். உடைந்த செட்டைக் கடையில் விற்கும் உடனடிப் பசையால் ஒட்டுவது இதைவிட மோசம். துண்டுகள் துளி விலகி ஒட்டிக்கொண்டால் கடி முழுக்க மாறிப்போகும், லேபில் சரியாகப் பொருத்தவும் வழியில்லாமல் போகும். உடைந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் அப்படியே எடுத்துப் போனாலே போதும்.

சுத்தம் செய்வதில் நம் வீடுகளில் பழைய பழக்கமே ஓடுகிறது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றார்கள். அக்ரிலிக்கைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. சிவப்புப் பல்பொடி, கரித்தூள், சாம்பல், ஏன் சாதாரண டூத்பேஸ்ட் கூட, செட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும். அந்தக் கீறல்கள்தான் பூஞ்சை குடியேறும் இடம். கொதிநீரில் போட்டால் செட் வளைந்துபோகும். மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தால் கிருமி போகிறதோ இல்லையோ, செட் மஞ்சளாகும். கம்பி வைத்த செட்டை ப்ளீச்சில் போட்டால் கம்பி அரிக்கும். வேண்டியதெல்லாம் மெல்லிய பிரஷ், குளிக்கிற சோப்பு, பச்சைத் தண்ணீர். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டால், கை நழுவினாலும் உடையாது. செட்டைக் கழுவிய கையோடு மேலண்ணத்தையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க டாக்டர்களுக்கும் நேரம் இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ராத்திரி செட்டோடு தூங்குவது பலருக்குக் கௌரவப் பிரச்சினை. பொக்கை வாயோடு மருமகள் முன்னால் எழுந்து வர மாட்டார் மாமனார். ஆனால் ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு கூடுதலாக இருந்தது. இது கவனித்துப் பார்த்த ஆய்வு மட்டுமே, செட்தான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் செட்டில் படிகிற அழுக்கு தூக்கத்தில் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கலாம் என்பது நம்பத்தகாத கதை அல்ல. கழற்றி, கழுவி, மூடியுள்ள டப்பாவில் பச்சைத் தண்ணீரில் போட்டு வைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. உலர விட்டால் மட்டும் செட்டின் வடிவம் கெடும்.

மூலிகை ஆய்வுகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், தவறாகப் படிக்கப்படுவது அதிகம் இவைதான். வேம்பு, திரிபலா, கிராம்பு எண்ணெய் போன்றவற்றைப் பல்செட்டில் வளரும் காண்டிடா பூஞ்சைக்கு எதிராகச் சோதித்த கட்டுரைகள் நம் நாட்டிலிருந்து நிறைய வந்திருக்கின்றன. “வேப்பிலை பல்செட் பூஞ்சையைக் கொல்கிறது, ஆய்வில் நிரூபணம்” என்று வாட்ஸ்அப்பில் வருவது இவற்றின் நிழல்தான். உள்ளே போய்ப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை எந்த மனிதர் வாயிலும் நடந்தவை அல்ல. அக்ரிலிக் வில்லைகளைச் செய்து, அவற்றின் மேல் பூஞ்சையை வளர்த்து, மூலிகைச் சாற்றில் மூழ்கவைத்து, எஞ்சியதை எண்ணுகிறார்கள். சாறு என்பதும் பெரும்பாலும் காய்ந்த இலையை ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்துச் செறிவாக்கியது. ஒரு கைப்பிடி வேப்பிலையைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் அது அல்ல. வாயிலோ எச்சில் ஓடிக்கொண்டே இருக்கும், சாப்பாடு வரும், செட்டின் உட்புறத்துச் சொரசொரப்பில் பூஞ்சை அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். கண்ணாடித் தட்டில் ஜெயித்தது அங்கேயும் ஜெயிக்கும் என்று உத்தரவாதம் கிடையாது.

நோயாளிகளிடமே சோதித்த ஆய்வுகளும் உண்டு. பிரேசிலில் 2003-ல் வெளியான ஒன்றில், செட்டில் வளரும் பூஞ்சையால் அண்ணம் சிவந்துபோன 60 பேரில் ஒரு பாதிக்கு மாதுளைச் சாற்றில் செய்த ஜெல், மறுபாதிக்குப் பூஞ்சையைக் கொல்லும் மருந்தான மைக்கோனசோல் ஜெல். மாதுளையிலும் பலருக்குக் குணம் தெரிந்தது. மைக்கோனசோல் பூசியவர்களில் குணமானவர்கள் அதைவிட அதிகம். மூலிகையைக் கேலி செய்பவர்களும் கொண்டாடுபவர்களும் இந்த முடிவில் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஜெல் அளவு பார்த்துத் தயாரித்தது என்பதையும், மாதுளைத் தோலை இடித்துத் தடவுவது அதற்கு ஈடாகாது என்பதையும் இரண்டு கட்சியும் மறந்துவிடும்.

எந்த மருந்தானாலும் வாய்க்கு மட்டும் போட்டுவிட்டுச் செட்டை விட்டுவிட்டால், பூஞ்சை செட்டிலிருந்து திரும்பி வரும். அண்ணம் சிவப்பதற்கு முதல் வைத்தியம் செட்டை ஒழுங்காகக் கழுவுவதும் ராத்திரி கழற்றுவதும்தான், பலருக்கு அதிலேயே குறைந்துவிடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அது போதாமல் போகலாம். மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்குவதிலும் பொறி இருக்கிறது. இதயத்துக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மைக்கோனசோல் ஜெல்லை வாயில் பூசினால், மாத்திரையின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரை போகலாம். “வெறும் பூசுகிற மருந்துதானே” என்று இதைச் சொல்லாமல் விடுவதும், கஷாயம் குடிப்பதைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று மறைப்பதும் ஒரே ரகம்.

செட் லூசாகிவிட்டால் பசை வாங்கி ஒட்டிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது இன்னொரு வழக்கம். லூசாவது செட்டின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை, அடியிலுள்ள எலும்பு கரைந்திருக்கும். பல் போன தாடை எலும்பு முதல் வருஷத்தில் வேகமாகவும் அதன்பின் மெதுவாகவும் வாழ்நாள் முழுக்கக் கரைகிறது. செட் போட்டவர்களை வைத்து, 25 ஆண்டுக் காலத்தைத் தழுவி டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972-ல் வெளியிட்ட ஆய்வில், கீழ்த்தாடையின் முன்பகுதி மேல்தாடையைப்போல் சுமார் நான்கு மடங்கு கரைந்திருந்தது. கீழ் செட்தான் முதலில் ஆட்டம் காண்பது ஏன் என்று இப்போது புரியும். பல் பிடுங்கின சூட்டிலேயே செய்த செட் சீக்கிரம் லூசாவதும் இதனால்தான். பழைய செட்டின் உட்புறத்துக்குப் புது அக்ரிலிக் கொடுத்துச் சரிக்கட்டலாம். அதைச் செய்யாமல் ஆடுகிற செட்டையே போட்டுக்கொண்டிருந்தால் விளிம்போரம் சதை மடிப்பு வளரும், பிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். துத்தநாகம் கலந்த பசையை வருஷக்கணக்கில் அளவு மீறித் தடவியவர்களுக்கு உடலில் தாமிரச்சத்து குறைந்து கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது.

ஒரே நாளில், கழற்றத் தேவையில்லாத பல் என்று சொல்லி, பக்கத்துப் பல்லோடு அக்ரிலிக்கைப் பூசி இறுக்கிவிடும் பரம்பரை வைத்தியர்களிடம் போவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடியில் சோறு தங்கும், நன்றாக இருந்த பக்கத்துப் பல்லும் ஆடிப்போகும். பதிவு இல்லாமல் பல் வைத்தியம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1948 முதல் இருக்கிறது.

ஆய்வு செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, உலகெங்கும் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 23 சதவீதம் பேருக்கு ஒரு பல்கூட இல்லை. அவர்களில் செட் வாங்கியவர் எத்தனை பேர் என்று எண்ணுவது சுலபம். அது வாயில் இருக்கிறதா டப்பாவில் இருக்கிறதா, குத்தியபோது எங்கே போனார், அதற்கு முன் என்ன பூசினார் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். ஏன் டாக்டரிடம் போகவில்லை என்ற கேள்விக்கு “தேவைப்படவில்லை” என்று பதில் சொன்னவரை அப்படியே அந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது தவறு. கூட்டிப் போக ஆள் இல்லை என்பதையும், இந்த வயதில் எனக்கு எதற்குச் செலவு என்பதையும் நம் ஊர்ப் பெரியவர்கள் அந்த ஒரே சொல்லால்தான் சொல்வார்கள்.

பணம் தடை என்றால் சென்னையிலும் சிதம்பரத்திலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. தனியார் கல்லூரிகளிலும் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் செய்கிறார்கள். அளவு எடுக்க, கடி பார்க்க, மெழுகில் பல் அடுக்கிப் பார்க்க என்று நாலைந்து தடவை அலைய வேண்டும், பிடுங்கின பல்லிருந்தால் ஈறு ஆறுவதற்கும் காத்திருக்க வேண்டும். போகும்போது மாத்திரைச் சீட்டையும், தடவுகிற மருந்து எதுவானாலும் அந்தப் பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய செட் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். வாய் எவ்வளவு திறந்து மூடிப் பழகியிருக்கிறது, எந்தப் பக்கம் மென்று பழக்கம் என்பதையெல்லாம் டாக்டர் அதைப் பார்த்தே படித்துக்கொள்வார்.