யாழ்ப்பாணத்தில் வீடு வாங்க எத்தனை மாதம்? முதலில் கையெழுத்துகளை எண்ணுங்கள்

நொத்தாரிசு (காணி ஆவணம் எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) கந்தோர் ஒன்றில் உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதுகிற மேசையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இன்றைக்கும் ஆடி பிறந்தால் தொலைபேசியில் ஒரே கேள்விதான்: "அன்ரி, லீவு மூண்டு கிழமை. அதுக்குள்ள வீட்டு உறுதி முடிக்கலாமோ?"

உறுதியை வாசித்து, இரண்டு சாட்சிகளை வைத்து, நொத்தாரிசு முன் கையெழுத்துப் போடுவது ஒரு பின்னேரத்து வேலை. அந்தப் பின்னேரம் கதிரையில் யார் யார் இருக்கவேண்டும் என்பதில்தான் மாதங்கள் போகின்றன. ஆனபடியால் விலை பேசமுன் விற்பவரிடம் உறுதிப் பிரதியை வாங்கி, எத்தனை பேரின் கையெழுத்துத் தேவை என்று பாருங்கள்.

சீதனமாகவோ நன்கொடையாகவோ வந்த வீடென்றால் உறுதியைக் கடைசிப் பந்தி வரை வாசியுங்கள். தாய் தகப்பன் தங்களுக்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்து எழுதியிருக்கக்கூடும். அப்படியென்றால், உயிரோடு இருக்கும் அவர்களும் கையெழுத்து வைக்கவேண்டும். காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். விற்பவர் தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட திருமணமான பெண் என்றால், அவரின் சொந்தச் சீதன வீட்டை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அது. எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை, ஆனால் சட்டம் இன்னும் இருக்கிறது. கணவன் பிரிந்துபோய் இடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்டுத்தான் அந்தச் சம்மதத்துக்கு ஈடு பெறவேண்டும். அங்கேயே சில மாதம்.

கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கிய வீடு தேடிய தேட்டம். தகப்பன் இறந்தபின் தாய் தனியே விற்க வந்தால் நிறுத்திக் கேளுங்கள்: பிள்ளைகள் எத்தனை, எங்கே? அவர்களின் கையெழுத்தும் வேண்டும். கொக்குவிலில் ஒரு வீட்டுக்கு நாலு சகோதரங்கள் ஓம் என்றார்கள். ஒஸ்லோவில் இருந்த கடைசித் தம்பி, தகப்பனின் அந்திரட்டிச் சடங்குக்குத் தன்னிடம் திகதி கேட்கவில்லை என்ற கோபத்தில் மறுத்துவிட்டான். வாங்க வந்தவர் காத்திருந்து களைத்துக் கோண்டாவிலில் வேறு வீடு வாங்கினார். காணி இறந்தவர் பெயரிலேயே கிடந்து, சொத்தின் பெறுமதியும் கூடவென்றால் மரணசாதன வழக்கு (இறந்தவரின் சொத்தை உரித்தாளருக்குத் தீர்க்கும் வழக்கு) முடியவேண்டும். அப்படியான வீட்டுக்கு நாள் குறிக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவரின் கையெழுத்துக்கு அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம். பலர் அங்கேயுள்ள சட்டத்தரணியிடம் எழுதுவித்து அனுப்புகிறார்கள். வந்து பார்த்தால் பராமரிக்க, வாடகை வாங்க அதிகாரம் இருக்கும், விற்க இராது. இங்கேயுள்ள உங்கள் நொத்தாரிசு எழுதிய வரைவை அனுப்பி, அதையே இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி, மூலப்பிரதியைத் தபாலில் எடுங்கள். வட்சப்பில் வந்த படத்துக்கு மதிப்பில்லை. அது இங்கே பதியப்படவும் வேண்டும். தந்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்தது. வயதானவர்களிடம் வாங்கியதை வைத்துக்கொண்டு ஆறப்போடாதீர்கள்.

பிரிபடாத பங்கை வாங்குகிறீர்களா? பங்குகாரருக்கும், விற்பவர் மரணசாதனம் (உயில்) எழுதாமல் இறந்தால் உரித்தாகக்கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவித்தல் கொடுக்காமல் அவசரப்பட்டால், உறுதி முடிந்தபின்னும் வழக்கு வரும். பக்கத்து வளவுக்காரர் என்பதற்காக மட்டும் ஒருவருக்கு அந்த உரிமை இல்லை, வெருட்டினால் பயப்படவேண்டாம்.

இதெல்லாம் ஓடும்போதே மற்ற வேலைகளையும் தொடங்குங்கள். காணிப் பதிவகத்தில் முப்பது வருடத் தோம்பு (காணிப் பதிவேடு) பாருங்கள். காசு கட்டி முடித்தும் மீட்பு உறுதி எழுதாத பழைய ஈடு (அடமானம்) அதில் அடிக்கடி தலைகாட்டும். 1995 இடப்பெயர்வில் உறுதி தொலைந்தது என்றால் அதற்காகப் பின்வாங்கவேண்டியதில்லை. நொத்தாரிசு ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியையும் பதிவகத்துக்கு அனுப்புவார், அதிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

நில அளவையாளரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். உறுதியில் இரண்டு பரப்பு நாலு குழி என்றிருக்கும், மதிலுக்குள் அளந்தால் அவ்வளவு வராது. ஒழுங்கை அகன்றிருக்கும், அல்லது அயலவர் வேலி நகர்ந்திருக்கும். கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் உறுதியில் உண்டா என்று பாருங்கள். பிழை இருந்தால் பிழைதிருத்த உறுதி, அதற்கு மறுபடியும் பழைய ஆட்களின் கையெழுத்து. உறுதியில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர் என்றால் சத்தியக்கடதாசி போதும், பெரிய தாமதமில்லை. வங்கிக் கடனென்றால் வீட்டுக்கு மாநகர சபையோ பிரதேச சபையோ அனுமதித்த கட்டட வரைபடம் கேட்பார்கள். பழைய வீடுகள் பலவற்றுக்கு அது கிடையாது.

வாங்குபவருக்கும் ஒரு கேள்வி: வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும்தான் இருக்கிறதா? 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் உங்கள் பெயரில் காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

முற்பணத்தை வெறும் துண்டுக் கடதாசிக்குக் கொடுக்காதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி விற்பனை உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்தான் எழுதப்படவேண்டும், இல்லையேல் நீதிமன்றத்தில் நிற்காது. கையெழுத்துக்காரர் யாராவது பிந்தினால் எந்தத் திகதியில் காசு திரும்பும் என்பதையும் அதில் எழுதுவியுங்கள்.

என் கணக்கு இது. எல்லோரும் ஊரில், காசு கையில் என்றால் ஒன்றரை மாதம். வங்கிக் கடனுக்கு மூன்று. வெளிநாட்டுத் தத்துவம் என்றால் நாலு. அதிலும் ஆடியிலும் மார்கழியிலும் சனம் வீட்டுக் காரியம் தொடங்காது, நல்லூர்த் திருவிழா 25 நாளும் பாதிப்பேர் கோயிலில், ஓகஸ்டில் நீதிமன்ற விடுமுறை. லீவில் வருகிறவர்கள் சரியாக அப்போதுதான் வந்து இறங்குகிறார்கள். தையில் தொடங்கினால் ஆடிக்கு வந்து கையெழுத்து மட்டும் வைக்கலாம்.

முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்; காசைத் தயாராய் வையுங்கள். கையெழுத்து வைத்ததும் உறுதியை உடனே பதிவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அதே வீட்டை விற்பவர் இன்னொருவருக்கும் எழுதி, விவரம் அறியாமல் வாங்கிய அவர் முந்திப் பதிந்தால் அவருடையதுதான் நிற்கும். சோலைவரி (வீட்டு வரி), மின்சார மீற்றர் பெயர்மாற்றமெல்லாம் ஆறுதலாகச் செய்யலாம்.