பாஸ்போர்ட், விசா: வேலூர் பக்கத்து ஆட்கள் முதலில் சரிபார்க்க வேண்டிய பேப்பர்கள்

ஆம்பூரில் இருந்து மிலான் தோல் கண்காட்சிக்குப் போகிறவர், பேர்ணாம்பட்டில் இருந்து சவூதிக்கு வேலைக்குப் போகிறவர், வேலூரில் நர்சிங் முடித்துக் குவைத் வேலைக்கு முயற்சி செய்கிறவர், காட்பாடியில் படித்துவிட்டு ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போகிறவர்: இவர்கள் எடுக்கும் விசா வேறு வேறு. ஃபைல் நின்றுபோகும் இடம் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். பெயரோ பிறந்த தேதியோ ஒரு பேப்பரில் ஒரு மாதிரி, அடுத்த பேப்பரில் வேறு மாதிரி இருக்கும். அதனால் ஆன்லைனில் படிவத்தைத் திறப்பதற்கு முன்பே ஆதார், பத்தாவது மார்க் ஷீட், பிறப்புச் சான்று, பான், வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வேலையை முடிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

இனிஷியலை என்ன செய்வது

பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது. கே. முருகன் என்பவர் அந்தக் 'கே' யார் என்று விரித்து எழுதியாக வேண்டும். படிவத்தில் கிவன் நேம், சர்நேம் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். கிவன் நேமில் முருகன், சர்நேமில் அப்பா பெயரான கண்ணன் என்று போடுவதுதான் பிற்பாடு தொல்லை தராத வழி.

சர்நேமைக் காலியாக விடலாமா என்றால், விடலாம், பாஸ்போர்ட் கொடுப்பார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று அப்புறம் தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரருக்கு அந்தப் பெயர் சர்நேமாகப் போய்விடும், கிவன் நேம் இடத்தில் 'எஃப்என்யூ', அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று அச்சாகும். பிறகு பல்கலைக்கழகம், பேங்க், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அதுவே உங்கள் பெயராக ஒட்டிக்கொள்ளும். முதல் பாஸ்போர்ட் எடுக்கும்போதே இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுங்கள்.

வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் இன்னொரு சிக்கல் அடிக்கடி வரும். முகமது என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் நடுவில் ஒரு 'எம்'மா இரண்டு 'எம்'மா, கடைசி எழுத்துக்கு முன் 'ஏ'யா 'ஈ'யா என்பது பேப்பருக்குப் பேப்பர் மாறியிருக்கும். ஷேக், சையத் பெயர்களும் அப்படியே. 'எம்டி' என்ற சுருக்கம் பாஸ்போர்ட்டில் செல்லாது. எதை எதற்கு ஏற்பத் திருத்துவது என்றால், பத்தாவது மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். மார்க் ஷீட்டைத் திருத்துவது நீண்ட வேலை, ஆதார் திருத்தம் அதைவிட எளிது. ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான். அவசரத்தில் தப்பாக மாற்றி அந்த வாய்ப்பை வீணாக்கிவிடாதீர்கள். பெயரே வேறாக இருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு அந்தப் பிரதியை இணைக்க வேண்டும்.

பிறந்த தேதியும் பிறந்த மாவட்டமும்

பள்ளியில் சேர்க்க வசதியாக ஜூன் மாதத்தில் ஒரு தேதி கொடுத்த பழக்கம் நம் கிராமங்களில் இருந்தது. அதனால் பிறப்புச் சான்றில் ஒரு தேதியும் மார்க் ஷீட்டில் இன்னொரு தேதியும் இருப்பவர்கள் நிறைய. பாஸ்போர்ட்டில் ஒரு தேதி ஏறிவிட்டால் அதை மாற்றுவது மிகவும் கடினம். எந்தத் தேதி என்பதை இப்போதே முடிவு செய்து எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள். 2023 அக்டோபர் 1-ம் தேதியிலும் அதற்குப் பின்பும் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்று ஒன்றுதான் செல்லும். குழந்தையின் பெயர் ஏறாத சான்றாக இருந்தால், பிறப்பு எந்த அலுவலகத்தில் பதிவானதோ அங்கேயே பெயர் சேர்த்துவிட்டு வாருங்கள். வேலூர் நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் அது மாநகராட்சி. சொந்த ஊர் குடியாத்தமாக இருந்தாலும் பதிவு வேலூரில்தான் இருக்கும்.

மாவட்டப் பெயர் விஷயத்தில் நம் பக்கத்து ஆட்களுக்கு வரும் குழப்பம் தனி. 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர் எல்லாம் திருவண்ணாமலைப் பக்கம் போயின. 2019 நவம்பரில் மிச்சமிருந்த வேலூர் மூன்றானது. வாணியம்பாடியில் 1985-ல் பிறந்தவர் கையில் வட ஆற்காடு, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டப் பெயர் கொண்ட பேப்பர்கள் இருக்கலாம். இதற்காகப் பயப்பட வேண்டாம். பிறந்த ஊரின் பெயரைச் சான்றில் உள்ளபடியே எழுதுங்கள், மாவட்டத்தைப் பட்டியலில் இன்றைய பெயரில் தேர்ந்தெடுங்கள். பழைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கிறீர்கள் என்றால் அதில் உள்ள பிறந்த ஊரைத் தொடாதீர்கள்.

முகவரியில்தான் மிகவும் கவனம் வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் மாவட்டத்தையும் காவல் நிலையத்தையும் வைத்துத்தான் போலீஸ் விசாரணைக்கு ஃபைல் போகும். ஆம்பூர், வாணியம்பாடி ஆட்கள் திருப்பத்தூர் என்றும், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் ஆட்கள் ராணிப்பேட்டை என்றும், காட்பாடி, குடியாத்தம், பேர்ணாம்பட்டு, அணைக்கட்டு ஆட்கள் வேலூர் என்றும் போட வேண்டும். பழக்கத்தில் எல்லோரும் வேலூர் என்று போட்டால் ஃபைல் வேறு மாவட்ட எஸ்பி ஆபீசுக்குப் போய்த் திரும்பும். ஆதாரில் பழைய மாவட்டம் இருந்தால் அதை முதலில் புதுப்பித்துவிடுவது நல்லது.

விண்ணப்பமும் அப்பாயின்ட்மென்ட்டும்

அரசுத் தளம் ஒன்றே ஒன்றுதான்: பாஸ்போர்ட்இந்தியா டாட் கவ் டாட் இன். செல்போனில் எம்பாஸ்போர்ட் சேவா செயலி. தேடலில் முதலில் வந்து நிற்கும் மற்றத் தளங்கள் கூடுதல் பணம் பிடுங்குபவை. பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் ₹1,500, 60 பக்கம் ₹2,000. 10 ஆண்டு செல்லும். அடிக்கடி பயணம் போகும் தோல் வியாபாரிகள் 60 பக்கமே வாங்குங்கள். சிறுவர்களுக்கு ₹1,000, 5 ஆண்டு அல்லது 18 வயது, எது முன்னால் வருகிறதோ அதுவரை. தட்கால் என்றால் ₹2,000 கூடுதல். தொலைந்த 36 பக்கப் புத்தகத்துக்குப் பதில் வாங்க ₹3,000.

வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. அது சென்னை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. அங்கே தேதி கிடைக்கவில்லை என்றால் காத்திருக்கத் தேவையில்லை. 2018 முதல் நாட்டின் எந்த மையத்திலும் விண்ணப்பிக்கலாம். தாம்பரம், சாலிகிராமம், அமைந்தகரை மையங்களைப் பாருங்கள். விசாரணை எப்படியும் உங்கள் முகவரிக்குத்தான் வரும்.

போகும் நாளில் ஒரிஜினல் எல்லாமும், ஒவ்வொன்றுக்கும் நீங்களே கையெழுத்திட்ட ஒரு நகலும் வேண்டும். ஜெராக்ஸ் மட்டும் எடுத்துப் போனால் திருப்பி அனுப்புவார்கள். போட்டோ அங்கேயே எடுப்பார்கள். பின்புலம் வெள்ளை என்பதால் அடர் நிறச் சட்டை போடுங்கள். தோல் ஷெட்டில் சுண்ணாம்பில் வேலை செய்கிறவர்களுக்கும் பீடி சுற்றுகிறவர்களுக்கும் விரல் ரேகை தேய்ந்திருக்கலாம். ஸ்கேனர் எடுக்கவில்லை என்றால் பதறாமல் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். எல்லாம் பதிந்ததும் ஊழியர் கணினித் திரையில் உங்கள் விவரத்தைக் காட்டுவார். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, ஊர், பின்கோடு எல்லாவற்றையும் வாய்விட்டு எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று தலையாட்டிவிடாதீர்கள். செலவில்லாமல் திருத்த இதுதான் கடைசி இடம்.

போலீஸ் விசாரணைக்கு வரும்போது வீட்டில் நீங்கள் இருக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு அழைத்தால் ஒரிஜினலோடு போங்கள். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நடந்துகொண்டிருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள், விசாரணையில் கட்டாயம் தெரிந்துவிடும். அந்தக் கோர்ட்டிலேயே வெளிநாடு செல்ல அனுமதி உத்தரவு வாங்கி இணைத்தால் பாஸ்போர்ட் கிடைக்கும். உத்தரவில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஓராண்டுக்கு மட்டும் கொடுப்பார்கள்.

புத்தகம் ஸ்பீட் போஸ்ட்டில் வரும். சென்னை மண்டலத்தில் 2025 மார்ச் முதல் சிப் வைத்த இ-பாஸ்போர்ட் வழங்குகிறார்கள். அட்டையில் தங்க நிறச் சின்னம் ஒன்று கூடுதலாக இருக்கும். அதற்காகப் பழைய புத்தகத்தை அவசரமாக மாற்ற வேண்டியதில்லை, முடியும் தேதிவரை செல்லும்.

இசிஆர்: பத்தாவது பாஸ் சான்றை விடாதீர்கள்

பத்தாவது தேறியவருக்கு ஈசிஎன்ஆர், அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட் கிடைக்கும். வருமான வரி கட்டுகிறவர், 50 வயது தாண்டியவர், வெளிநாட்டில் 3 ஆண்டு இருந்தவர் ஆகியோருக்கும் உண்டு. படிவத்தில் ஈசிஎன்ஆர் தகுதி உண்டா என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டுச் சான்றை இணைக்க மறந்தால் இசிஆர், அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் என்று அச்சாகி வரும். அப்புறம் அதை நீக்க இன்னொரு ₹1,500 கட்டி மறுவெளியீடு கேட்க வேண்டும். பத்தாவது முடித்தும் இதில் தவறவிடுகிறவர்கள் பலர்.

இசிஆர் பாஸ்போர்ட்டோடு சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளம் வழியாக அனுமதி வாங்க வேண்டும். ஏஜென்டின் லைசென்ஸ் உண்மையா என்று அதே தளத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் ₹30,000, அதோடு ஜிஎஸ்டி. லட்சக்கணக்கில் கேட்கிறவர், ரசீது தர மறுக்கிறவர், 'விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கலாம்' என்கிறவர், இந்த மூவரிடமும் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். விசிட் விசாவில் போய் வேலை செய்தால் சம்பளம் வராவிட்டாலும் கேட்க வழியில்லை, பிடிபட்டால் அபராதமும் நாடு கடத்தலும்தான். இசிஆர் ஆட்கள் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்க வேண்டும். 2 ஆண்டுக்கு ₹275, 3 ஆண்டுக்கு ₹375, ₹10 லட்சம் காப்பு.

நர்சுகளுக்குத் தனி விதி. பட்டம் படித்து ஈசிஎன்ஆர் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், 2015 முதல் இந்த 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். தமிழ்நாட்டு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகப் போவது பாதுகாப்பான வழி. வேலூர் போல நர்சிங் படிப்பவர்கள் நிறைந்த ஊரில் தனியார் விளம்பரங்கள் அதிகம். முதலில் அந்த அரசு நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள்.

சான்றிதழ்களுக்கு முத்திரை

வெளிநாட்டில் காட்டும் சான்றிதழ் உண்மையானது என்று அரசு முத்திரை வாங்க வேண்டியிருக்கும், அதனால் டிகிரி சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். முத்திரையும் ஸ்டிக்கரும் அந்தத் தாளின் மேல்தான் வர வேண்டும், பிளாஸ்டிக் மேல் போட மாட்டார்கள். ஏற்கெனவே செய்திருந்தால் திருவள்ளுவர் பல்கலைக்கழகமோ உங்கள் பல்கலைக்கழகமோ எதுவோ அங்கே இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டிவரலாம், அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

வரிசை இதுதான்: முதலில் மாநில அரசு முத்திரை, பிறகு வெளியுறவு அமைச்சகம். படிப்புச் சான்று உயர்கல்வித் துறைக்கும், பிறப்பு, திருமணச் சான்று உள்துறைக்கும் போகும். அப்போஸ்டில் என்பது ஒப்பந்த நாடுகள் தூதரக முத்திரை இல்லாமலே ஏற்கும் சான்று. இத்தாலி, ஓமன் போன்ற அந்த ஒப்பந்த நாடுகளுக்கு அமைச்சகத்தின் அப்போஸ்டில் போதும். சவூதியும் 2022 டிசம்பரில் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. அமீரகம், குவைத், கத்தார் சேரவில்லை, அவற்றுக்குத் தூதரக முத்திரையும் வேண்டும்.

விசாவில் தவறும் இடங்கள்

பயண முடிவிலிருந்து 6 மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடி இருக்கட்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்கட்டும். இத்தாலி, ஜெர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பு முதல் 15 நாள் முன்பு வரை மனுக் கொடுக்கலாம். கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ. கண்காட்சிக்குப் போகிறவர்கள் அழைப்புக் கடிதத்தில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா என்று பார்த்துவிட்டு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் கடைசி வாரத்தில் திடீரென்று பெரிய தொகை ஏறியிருந்தால் அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் இணையுங்கள்.

ஜெர்மனி படிப்புக்கு, நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்று 2022 நவம்பர் முதல் கட்டாயம். அது கைக்கு வராமல் விசா மனு நகராது, ஆகவே அதை முதலில் போடுங்கள். மாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும்.

பல நாடுகள் போலீஸ் கிளியரன்ஸ் சான்று கேட்கும். அதே பாஸ்போர்ட் தளத்தில் ₹500. வேலூர் அஞ்சலக மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கேட்கும் நாடு அதை எத்தனை மாதம் ஏற்கும் என்று பார்த்துவிட்டு எடுங்கள், முன்கூட்டியே எடுத்துக் காலாவதியாக்கிவிடாதீர்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு

சவூதியில் 90 நாளுக்குள் இகாமா என்ற குடியிருப்பு அனுமதி அட்டையை எடுத்துத் தருவது முதலாளியின் பொறுப்பு. ஜெர்மனியில் வீடு மாறியதும் வழக்கமாக இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு. பாஸ்போர்ட் உங்களிடம்தான் இருக்க வேண்டும், முதலாளி பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை. கேட்டும் தரவில்லை என்றால் இந்தியத் தூதரகத்தில் புகார் கொடுங்கள். மதத் என்ற வெளியுறவு அமைச்சகத் தளத்தில் வீட்டில் இருப்பவர்களும் புகார் பதியலாம். அதற்குப் பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசா, வேலை ஒப்பந்தம், கம்பெனி முகவரி ஆகியவற்றின் நகல் ஒரு செட் வீட்டில் இருக்க வேண்டும். கிளம்பும் முன்பே அதை மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுத்து, புகார் பதிவது எப்படி என்று தளத்தைத் திறந்து ஒருமுறை காட்டிவிடுங்கள்.